ஏழாவது கட்டம்

உதவி மேசையில் போன் எடுப்பவர்களுக்கென்று ஒரு படிவம் உண்டு. மொத்தம் பத்துக் கட்டம். பத்தும் நிரம்பினால்தான் அழைப்பை முடிக்கும் பட்டன் பச்சையாகும். ஒன்று காலியாக இருந்தாலும் சாம்பல் நிறத்தில் முறைத்துக்கொண்டே இருக்கும். முதல் கட்டத்தில் காபி மெஷினின் வரிசை எண்ணைப் போட்டால், வாங்கியவர் பெயரும் போன் நம்பரும் அடுத்த இரண்டு கட்டங்களில் தாமாக வந்து விழும். ஏழாவது கட்டத்தில், பேசுகிறவருக்கு அந்த வாங்கியவர் என்ன உறவு என்று கேட்டு எழுத வேண்டும். அடுத்த வீட்டு மெஷினைத் தூக்கி வந்து யாரும் ஓசியில் பழுது பார்த்துவிடக் கூடாது என்பது கம்பெனியின் கவலை.

ஆறு வருஷமாக அந்தக் கேள்வியை அவள் மூச்சு விடுவதுபோலக் கேட்டு வந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அது தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அவள் இருந்தது பன்னிரண்டாம் மேசை. கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ஆறின காபி'. ஆபீஸ் மெஷினில் சின்னக் கப்பில் கெட்டியாக ஒரு காபி பிடித்து, அதன் சூடெல்லாம் போகும்வரை மேசை ஓரத்தில் காத்திருக்க வைத்து, பிறகுதான் வாயில் வைப்பாள். சூடாக ஒரு மடக்கும் இறங்காது. அன்றும் ஒரு கப் அப்படிக் காத்திருந்தது.

"வணக்கம், உதவி மேசை. சொல்லுங்க."

"என்னத்தம்மா சொல்ல? காலைலேர்ந்து இந்த மெஷினோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்." இளம் குரல், மூச்சு வாங்கியது. "சக்கைப் பெட்டி நெறைஞ்சுபோச்சுன்னு சிவப்பு லைட்டு எரியுது. கொட்டிட்டேன், கழுவிட்டேன், தொடச்சும் வச்சிட்டேன். இதுக்கு மேல நக்கித்தான் வைக்கணும். அப்பவும் எரியுது."

"கொட்டும்போது மெஷின் ஆன்ல இருந்துச்சா?"

"பிளக்கையே பிடுங்கிட்டுத்தான் கையை வைப்பேன். கரண்டு சமாச்சாரமாச்சே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அதாங்க விஷயம். பிளக்கைப் பிடுங்கினா அது தூங்கிடுது. தூங்குறப்போ பெட்டியை எடுத்தா அதுக்கு எப்படித் தெரியும்? ஆன் பண்ணிட்டு வெளியே இழுங்க, பத்து எண்ணுங்க, திரும்ப உள்ளே தள்ளுங்க."

பத்து எண்ணும் சத்தம் கேட்டது. ஏழுக்குப் பிறகு ஒன்பதுக்குத் தாவியது.

"அட, அணைஞ்சிருச்சு! ஆனா காபி வரலையே. கொட்டையை அரைக்கிற சத்தம் ஊருக்கே கேக்குது, கப்புல பார்த்தா சொட்டுச் சொட்டா வெந்நீர்."

"பார்த்துடலாம். அடியில ஒட்டியிருக்கிற வரிசை எண்ணைச் சொல்லுங்க."

சொன்னாள். இவள் தட்டினாள். இரண்டாவது கட்டத்தில் ஒரு பெயர் வந்து விழுந்தது.

அவள் கணவரின் பெயர்.

ஊரில் ஒரே பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும் என்று மனசைத் தட்டிக்கொடுத்தபடி மூன்றாவது கட்டத்தைப் பார்த்தாள். தூக்கிவாரிப் போட்டது. இந்த ஆபீஸில் சேர்ந்தபோது, 'ஆபத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற இடத்தில் அவள் தன் கையால் எழுதிக் கொடுத்த அதே நம்பர்.

அவள் வீட்டில் காபி மெஷின் கிடையாது. அவர் காபியே குடிக்க மாட்டார். நெஞ்சு கரிக்கிறது என்று காலையில் ஒரு டம்ளர் வெந்நீர், அவ்வளவுதான். லிப்ட் மெக்கானிக். வாரத்தில் ஐந்து நாள் வேலை. சனிக்கிழமைகளில் ஏதோ ஒரு கட்டடத்தில் மாதாந்திரச் சோதனை என்று பையைத் தூக்கிக்கொண்டு போவார். மாதத்துக்கு நாலு சனிக்கிழமையும் என்ன மாதாந்திரச் சோதனை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை.

அந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்காகத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அண்ணன் வீட்டுக் கதவைச் சாத்தினான். அம்மா அந்தக் கதவுக்குப் பின்னால் பேசாமல் நின்றாள். பிறகு அவர்கள் வீடு மாற்றிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதுகூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்தது. உறவு என்று அவளுக்கு எஞ்சியிருந்தது இரண்டாவது கட்டத்தில் மினுங்கிய அந்த ஒரு பெயர்தான்.

"என்னம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்." குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. ஏழாவது கட்டத்தைத் தாண்டி எட்டுக்குப் போனாள். "எத்தனை பேர் காபி குடிக்கிறீங்க?"

"தினமும்னா ரெண்டு பேர். சனிக்கிழமை அவரு வந்தா மூணு."

"எவரு?"

"மெஷினை வாங்கிக் குடுத்தாரே, அவருதான்."

ஹெட்போனைக் கழற்றி வீசிவிடலாம்போல் இருந்தது. ஆனால் வாய் பழகிய வாய்; ஆறு வருஷப் பாடத்தை அது பாட்டுக்கு ஒப்பித்தது. "வலது பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கும், திறங்க. உள்ளே காபி வடிக்கிற பாகம். ரெண்டு பக்கமும் அமுத்திப் பிடிச்சா கையோட வந்துடும்."

"இதைக் கழட்ட முடியுமா? ஐயய்யே! என்னம்மா இது, உள்ளே பூனை செத்துக் கிடக்கிற மாதிரி பூசணம்!"

"சோப்பு போடாதீங்க. வெறும் தண்ணியில காட்டுங்க."

குழாய் திறக்கும் சத்தம். கூடவே பேச்சும் ஓடியது. "அவருக்குப் போன் போட்டேன், எடுக்கல. லிப்டு குழிக்குள்ள இருப்பாரு. எது ரிப்பேர் ஆனாலும் என்னையே கூப்பிடுங்க, கம்பெனிக்கு மட்டும் போன் போட்டுடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. ஏன்னு கேட்டா சிரிக்கிறாரு."

அவளுக்குத் தெரியாதா ஏன் என்று? இந்த மேசையில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்குத்தான் தெரியுமே.

"நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா," என்று குரல் தாழ்ந்தது. "அவரு வந்துபோறது எங்க வீட்ல தெரியாது. தெரிஞ்சா வெட்டுக்குத்துதான். இந்த மெஷினே குலுக்கல்ல விழுந்துச்சுன்னு புளுகி வச்சிருக்கேன்."

எங்க வீட்ல என்றால் புருஷனைச் சொல்கிறாளா, பெற்றவர்களைச் சொல்கிறாளா? யாரைச் சொன்னால் என்ன, ஒளித்துச் செய்கிற காரியத்துக்குப் பெயர் ஒன்றுதான். பேயறைந்தவள்போல் திரையைப் பார்த்தபடி இருந்தாள். ஏழாவது கட்டத்தில் கோடு விட்டு விட்டு மின்னியது.

வடிக்கும் பாகம் கழுவி மாட்டப்பட்டது. 'டக்' என்ற சத்தம் போனிலேயே கேட்டது. அப்போதும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. உள்ளே குழாயில் உப்புப் படிந்திருக்கிறது; உப்பு நீக்கும் திரவத்தை ஊற்றி ஓடவிட வேண்டும். இருபத்தைந்து நிமிஷம் பிடிக்கும். முடிந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிடுவதுதான் வழக்கம்.

"லைன்லயே இருங்க," என்றாள்.

உடனே திரையின் மூலையில் ஒரு வரி முளைத்தது: 'பன்னிரண்டு, ஏன் வைக்கவில்லை?' அது மேற்பார்வையாளர் அம்மா. எந்த அழைப்பில் எப்போது ஒட்டுக்கேட்பார் என்று யாருக்கும் தெரியாததால் அவருக்கு 'காது' என்று பெயர். அவள் அந்த வரியை மூடினாள்.

மெஷின் குமுறிக் குமுறி உப்பைத் துப்பிக்கொண்டிருந்தது. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. படிவத்தில் இல்லாத கேள்வியைத் தொழில் கேள்விபோல் ஜோடித்தாள். "பட்டன்ல எல்லாம் என்ன அளவு வச்சிருக்கீங்க? அதனாலயும் கோளாறு வரும்."

"முதல் பட்டன் பெரிய கப்பு. ரெண்டாவது என்னோடது, பாலு ஜாஸ்தி. மூணாவதை யாரும் தொடக் கூடாது."

"ஏன்?"

"அது ஒருத்தருக்குன்னு வச்சது. அவரே உக்காந்து வச்சுக் குடுத்தாரு." சிரித்தாள். "சின்னக் கப்பு, கெட்டித்தனம் காட்டுற படத்துல அஞ்சுக்கு அஞ்சு கொட்டை, சூடு இருக்கிறதுலயே கம்மி. யாராவது காபியை அப்படிக் குடிப்பாங்களா, நீங்களே சொல்லுங்க!"

மேசை ஓரத்தில் சின்னக் கப் ஆறிக்கொண்டிருந்தது. அதைத் திரைக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து தன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். தான் காபி குடிக்கிற லட்சணத்தைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்து, கால் வலிக்கிறது என்று அவர் சொல்ல, இவள் வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"முடிஞ்சிருச்சும்மா! பச்சை லைட்டு!"

எட்டுக் கட்டம் முடிந்தது. பத்தாவது, கடைசியாக எடுக்கிற சோதனைக் கப். இடையில் ஏழாவது காலி. இனி ஓட இடமில்லை. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மெஷினை வாங்கினவர்... உங்களுக்கு என்ன உறவு?"

"அதை எப்படிம்மா சொல்றது?" என்று அந்தக் குரல் இழுத்தது. "என் நாத்தனாரோட வீட்டுக்காரரு."

"யாரோட?"

"நாத்தனார். எங்க வீட்டுக்காரருக்குக் கூடப்பொறந்த தங்கச்சி. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இவரைக் கட்டிக்கிட்டுப் போனவங்க. நான் இந்த வீட்டுக்கு வந்தே ரெண்டு வருஷம்தான், அவங்க முகத்தைக்கூடப் பார்த்ததில்ல. அவங்க பேரை எடுத்தா எங்க வீட்ல தட்டு பறக்கும். இவருதான் மனசு கேக்காம, போன வருஷம் என் மாமியாரைப் பார்க்க வந்தாரு. வந்த அன்னைக்கு அத்தை மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து உக்காந்து, அத்தை குடுக்கிற காபியை மருந்து மாதிரி கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சு..."

அவளுக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை.

"அந்த மூணாவது பட்டன்?"

"அத்தை சொல்லிச் சொல்லித்தான் இவரு வச்சாரு. 'அவ சூடாக் குடிக்க மாட்டா, இன்னும் கொறைங்க மாப்பிள்ளை, இன்னும் கொறைங்க'ன்னு. நாத்தனாருக்கு எதுவுமே தெரியாதாம். அத்தை வாயைத் திறந்து வரச் சொல்ற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இவரு இருக்காரு. இன்னொரு தடவை கதவு சாத்தினா அவ தாங்க மாட்டாங்கிறாரு. பாவம், அவங்களும் எங்கேயோ போன் எடுக்கிற வேலைதான் பார்க்கிறாங்களாம், ஏதோ ஒரு கம்பெனி..."

பேச்சு பாதியில் அறுந்தது.

"கம்பெனிக்கு மட்டும் போன் போடாதீங்கன்னு..." அந்தக் குரல் இப்போது நடுங்கியது. "அடக் கடவுளே!"

பக்கத்து மேசையில் யாரோ யாருக்கோ சக்கைப் பெட்டியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்கள். பழகிய வாய்தான் கடைசியில் உதவிக்கு வந்தது.

"சோதனைக்கு ஒரு கப் எடுக்கணும்," என்றாள். "மூணாவது பட்டனை அமுத்துங்க, அண்ணி."

கொட்டை அரைபடும் சத்தம் கேட்டது. பிறகு நூல்போலக் காபி இறங்கும் சத்தம். அதற்கும் அப்பாலிருந்து, வேறு அறையிலிருந்து, செருப்பை இழுத்துக்கொண்டு வரும் நடையும் ஒரு அதட்டலும் வந்தன.

"யாருடி அது மூணாவதைத் தொட்டது?"

ஒன்பது வருஷம். கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான்.

போன் கை மாறியது. ஏதோ கிசுகிசுப்பு, ஒரு "என்னது?", பிறகு நீளமாக ஒரு மூச்சு.

"அம்மா," என்றாள்.

மறுமுனையில் நாற்காலி இழுபட்டது, அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பேசியபோது கோபம்போலத்தான் இருந்தது. "சூடு சரியா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? குடிக்கிறவதானே வந்து சொல்லணும்."

"அண்ணன்?"

"சாயந்திரம் வருவான். வரட்டும். இந்தத் தடவை கதவுக்கு முன்னாடி நான் நிக்கிறேன்." ஒரு கணம் விட்டு, "கிளம்பிட்டியா? காபி ஆறுது," என்றாள்.

"ஆறட்டும்மா."

ஹெட்போனைக் கழற்றும்போது தலைமுடி அதில் சிக்கிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு எழுந்தாள். பின்னால் 'காது' நின்றிருந்தார். அவருடைய ஹெட்போன் கழுத்தில் தொங்கியது, முகம் வெளிறியிருந்தது. இருபது வருஷ ஒட்டுக்கேட்பில் அவருக்கு இப்படி ஒரு அழைப்பு மாட்டியதில்லை. கம்பெனியின் விதி ஒவ்வொன்றும் அவர் நாக்கு நுனியில் இருக்கும். அன்று அவள் கைப்பையை எடுத்து அவரே நீட்டினார்.

மெஷினைக் கொண்டுபோய்க் கொடுத்த வீட்டின் முகவரி திரையில் இருந்தது. அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினாள்.

"ஏய், பன்னிரண்டு!" 'காது' அவள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். "பட்டன் இன்னும் பச்சையாகல. ஏழாவதுல என்னன்னு போட?"

கதவைத் தள்ளிய கையோடு அவள் திரும்பினாள்.

"மாப்பிள்ளைன்னு போடுங்க."