ரேடியோ சொன்ன ஒப்பந்தம்

பூங்காச் சுவருக்கு வெளியே அடுப்பு மூட்டி வடை சுட்டுக்கொண்டிருந்தாள் சைதூன். நோன்பு திறந்து, தொழுகை முடித்து வருகிற ஆண்கள் அங்கேதான் கூடுவார்கள். ஏழு மணிக்கு மேல் நகராட்சி ரேடியோவில் செய்தி வரும். வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கி தெருமுனைவரை கேட்கும்.

தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலைநிறுத்தம் தொடங்கி முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. நாளுக்கு எட்டணா கூடக் கேட்டவர்களின் முன்னால் நின்றவன் அவள் புருஷன் சனாவுல்லா. பதினெட்டு வருஷமாகச் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டியவன். அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தல் வந்ததும், சட்டசபையில் நம் கஷ்டத்தைச் சொல்ல ஒருத்தன் வேண்டும் என்று சொல்லி அவனையே ஏணிச் சின்னத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஓட்டுக்கு இன்னும் இரண்டு நாள். தெருத்தெருவாக அலைந்ததில் காய்ச்சல் கண்டு அவன் பாயில் விழுந்திருந்தான்.

வெளிநாட்டுச் செய்தி முடிந்து உள்நாட்டுச் செய்தி வந்தது. பிறகு அந்தச் சுத்தமான குரல், எந்த அவசரமும் இல்லாமல், அவர்கள் ஊர் திண்டுக்கல்லின் பெயரைச் சொன்னது.

"திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் சுமுகமாக முடிவடைந்தது. தொழிலாளர் பிரதிநிதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாளை முதல் அனைவரும் வேலைக்குத் திரும்புகின்றனர்."

அடுத்து ஏதோ அணையின் நீர்மட்டம் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டது. யாரும் அதைக் கேட்கவில்லை. சைதூனின் சட்டியில் வடைகள் கருகின.

ஒருவர் இருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். சனாவுல்லாவோடு ஒரே குழியில் இறங்கி வேலை செய்கிற மிக்கேல்ராஜ் அடுப்பருகே வந்து நின்றான். ஐந்து வாரமாக அவன் வீட்டில் ஒருவேளைக் கஞ்சிதான்.

"பாய் எப்பத் தங்கச்சி கையெழுத்துப் போட்டாரு?"

"எங்க போட்டாரு? மூணு நாளா எந்திரிக்க முடியாமக் கெடக்காருண்ணே. நீங்கதான காலைல வந்து பாத்துட்டுப் போனீங்க."

அவன் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "சர்க்கார் ரேடியோவுல சும்மா சொல்லுவானா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவளிடம் கேட்பதுபோலத்தான் சொன்னான்.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு அவள் வீட்டுக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்டதும் சனாவுல்லா சுவரைப் பிடித்து எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, நான் போடவில்லை, யார் போட்டார்கள் என்றும் தெரியாது என்று சொன்னான். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. சிலர் கதவை முழுசாகத் திறக்கக்கூட இல்லை. மறுத்துச் செய்தி போடச் சொல்லி ரேடியோ நிலையத்துக்குத் தந்தி கொடுக்கப் போனான். வேட்பாளர் பெயரில் எதுவும் வாசிக்க மாட்டார்கள் என்று தந்தி ஆபீசில் சொன்னார்கள். இருந்தும் கொடுத்துவிட்டு வந்தான்.

"நீங்க நேராப் போயி அதுல பேச முடியாதா?" என்று கேட்டாள் சைதூன்.

"அது நம்மகிட்டப் பேசும். நாம அதுல பேச முடியாது" என்றான் அவன்.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில், சித்தையன்கோட்டையிலிருந்து வந்து ஷாப்பில் வேலை செய்கிற ஆட்கள் தூக்குச்சட்டியோடு வந்து இறங்கினார்கள். பஞ்சாயத்து ரேடியோவில் அவர்களும் கேட்டிருந்தார்கள். டவுன்காரர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் உள்ளே போவதைப் பார்த்து, வெளியூர்க்காரர்கள் நம் வேலையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று டவுன்காரர்களும் நுழைந்தார்கள். உள்ளே பழைய கூலிதான் என்று மத்தியானம் தெரிந்தது. முதலாளியின் இரண்டு மேஸ்திரிகள் தொழிலாளர் பிரதிநிதிகள் என்று மதராசில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்குள் எல்லாரும் குழியில் இறங்கி நனைந்திருந்தார்கள். அந்தச் சங்கதி சாயங்காலச் செய்தியில் வரவில்லை. ரேடியோவில் வராததைத் தெருவில் யாரும் நம்பவில்லை.

ஓட்டுப்போடும் நாளில் பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. பக்கத்து வீட்டுக் கமர்ஜஹான் சைதூனுக்கு முன்னால் நின்றாள். குழந்தைக்குப் பால் இல்லாதபோது சைதூன் வீட்டில் வாங்கிக் கொண்டு போனவள். தன் முன்னால் நின்ற மாமியாரிடம் பேசுகிறவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றாள். வாசல் நெருங்கியதும் திரும்பாமலே கேட்டாள்.

"எம்புட்டுக் குடுத்தாங்க அக்கா? சொன்னா நாங்க ஒண்ணும் பங்கு கேக்க மாட்டோம்."

சைதூன் முறை வந்தது. உள்ளே போய் ஏணிக்கு நேராக முத்திரை குத்தினாள். அழுத்திக் குத்தியதில் மை பரவியது. அந்த ஒரு சீட்டும் செல்லாமல் போய்விடுமோ என்று ஊதி ஊதிக் காயவைத்தாள்.

எண்ணும்போது அவர்கள் தெருப் பெட்டியில் ஏணிக்கு இருபத்தாறு விழுந்திருந்தது. தெருவில் எழுநூறு ஓட்டு. ஜெயித்தவர் முதலாளிமார் நிறுத்திய ஆள். சனாவுல்லா யாரையும் ஏசவில்லை. இருபத்தாறு பேர் யாராக இருக்கும் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தான்.

எந்தத் தோல் ஷாப்பும் அவனைச் சேர்க்கவில்லை. வெங்காய மண்டியில் மூட்டை தூக்கப் போனான். காய்ச்சலில் தளர்ந்த உடம்பு தாங்கவில்லை. பெருநாள் கழிந்த மறுவாரம் பழைய ஷாப்பின் மேஸ்திரி ஆள் விட்டுச் சொன்னார்: அவனுக்கு இடமில்லை, பொம்பளை வந்தால் பெண்கூலிக்குத் தோலில் மயிர் வழிக்க எடுத்துக்கொள்ளலாம்.

சைதூன் போனாள். சுண்ணாம்பில் ஊறிய தோல்களைப் பலகையில் போட்டு நாள் முழுக்க வழித்தாள். மிக்கேல்ராஜ் குழியிலிருந்து தோல்களை எடுத்து அவள் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனான். ஒருமுறைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவளுக்கு விரல்கள் மடங்கவில்லை. நகக்கண்கள் வெந்து சிவந்திருந்தன. சோற்றில் ரசத்தை ஊற்றிக் கை வைத்தவள், உப்புப் பட்டதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். சனாவுல்லா தட்டைத் தன் பக்கம் இழுத்துப் பிசைந்தான். ஒவ்வொரு கவளமாக அவள் வாயருகே கொண்டுபோனான். இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி அவள் வாங்கித் தின்றாள்.