சிரட்டை தாண்டிய நாற்காலி

பாறசாலைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கும் இரண்டு துண்டு சூரை மீனும் வாங்கிக்கொண்டு குட்டப்பன் வீடு திரும்பியபோது, பலாமரத்தடியில் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. கை வைக்கும் இடம் தேய்ந்து மினுங்கும் பழைய நாற்காலி. பக்கத்து வீட்டு நமச்சிவாயம் பிள்ளையுடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இளமையில் எத்தனையோ முறை அதைத் தலையில் சுமந்துபோய் வெயிலில் போட்டு மூட்டைப்பூச்சி தட்டியிருக்கிறான். அதில் உட்கார்ந்தது மட்டும் கிடையாது.

“இது ஆரு கொண்டு போட்டது?”

கார்த்தியாயினி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அவரு வீட்டு ரெத்தினதாஸ் சொமந்துட்டு வந்தான். பிள்ளைக்கு கால்முட்டு வேதனையாக்கும். நிக்க ஒக்கலியாம்.”

“நிக்க ஒக்கலன்னா அவரு வீட்டுல போயி இருக்கணும். ஆரைக் கேட்டு இங்க போட்டான்?”

“வயசான மனுசன். ஒரு கசேரையில என்ன கெடக்கு?”

அவள் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என்ன, எல்லாரும் நல்லவர்கள். குட்டப்பன் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தான். நான்கு கால்களும் மண்ணில் லேசாகப் பதிந்திருந்தன.

அவன் குடியிருக்கும் பத்து சென்ட், ஒரு காலத்தில் நமச்சிவாயம் பிள்ளையின் தென்னை விளையில் ஒரு மூலை. குட்டப்பனின் அப்பன் அதில் ஓலைக்குடில் கட்டிக்கொண்டு, பிள்ளையின் தென்னைகளில் ஏறி, அங்கேயே செத்தும் போனான். குட்டப்பனும் ஏறினான். பிறகு சட்டம் வந்தது. குடில் கட்டிக் கிடந்தவனுக்கே குடிலடி மண் என்றார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஆபீசர் கேட்டதெல்லாம் இவன் இங்கே கிடந்ததற்கு அடையாளம்தான். அடுப்புக்கல்லில் கரி ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அம்மியைக் காலால் அசைத்துப் பார்த்தார். அது மண்ணில் நன்றாகப் பதிந்திருந்தது. “மதி”, போதும், என்று எழுதிக்கொண்டார். அளந்தபோது பலாமரமும் குட்டப்பன் பங்குக்கே வந்தது. இத்தனையையும் பிள்ளை தன் வீட்டு வராந்தாவில், இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மேலே கேஸுக்கும் போகவில்லை. குட்டப்பன் இன்றுவரை நம்பாதது அந்த மௌனத்தைத்தான். தாலுக்கா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து தலை நரைத்த மனுஷன். சட்டத்தின் சந்துபொந்தெல்லாம் நடந்து பார்த்தவர். அப்படிப்பட்டவர் சும்மா இருக்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பெட்டிதான். மகன் சுந்தரதாஸ் ஷார்ஜாவிலிருந்து போன லீவில் வந்தபோது டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தான். கல்ஃப்காரன் வீடென்றால் சினிமாப் பாட்டு ரோடு வரைக்கும் கேட்கவேண்டும், அதுதான் இங்கே வழக்கம். குட்டப்பனோ நாதஸ்வரம்தான் வேண்டுமென்று நின்றான். “கல்யாண வீடாட்டு இருக்கும்பா” என்று மகன் தலையில் அடித்துக்கொண்டான். இருந்தாலும் திரும்பிப் போனதும், அங்கே அறையில் கூடவே தங்கியிருந்த தஞ்சாவூர்க்காரனிடம் இருந்த கேசட்டுகளைப் பதிவுசெய்து அனுப்பிவைத்தான். அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரமானால் குட்டப்பன் பெட்டியை வராந்தாத் திண்டில் வைத்து, பித்தானை அமுக்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவான்.

இந்தக் கிறுக்கு அவனுக்குப் பிள்ளை வீட்டிலிருந்து ஒட்டியது. அந்தக் காலத்தில் பிள்ளையிடம் சாவி கொடுக்கிற கிராமபோன் இருந்தது. சாயங்காலம் அதன் குழாயிலிருந்து நாதஸ்வரம் புறப்பட்டால் குட்டப்பனுக்குக் குடிலில் இருப்புக்கொள்ளாது. மெல்ல வந்து இந்தப் பலாமரத்தடியில் நிற்பான். கூட்டம்போல் தவில் சேர்ந்துகொள்கிற இடத்தில் தன்னை அறியாமல் இன்னும் இரண்டு எட்டு முன்னால் போய்விடுவான். பிள்ளையின் மனைவி உமையம்மாள் வாசலுக்கு வந்து, “எலே, தள்ளி நில்லு” என்பாள். சில நாள் அதுவும் இருக்காது. பாட்டு பாதியில் சட்டென்று நின்றுவிடும். தட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து அவன் இருட்டில் காத்து நிற்பான். மறுபடி வராது.

இப்போது உமையம்மாள் இல்லை. மகன் பூதலிங்கத்துக்குத் திருவனந்தபுரத்தில் வேலையும் வீடும். போனவருஷம் வந்த அவன், கிராமபோனைத் தன் வீட்டு முன்னறையில் காட்சிக்கு வைக்கவேண்டுமென்று காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பிள்ளையும், வேலைக்கு நிற்கும் ரெத்தினதாசும்தான் அந்தப் பெரிய வீட்டில் மிச்சம். ஓணம் கழிந்து ஒரு நாள் சாயங்காலம் வேலிக்கு அந்தப்பக்கம் பிள்ளை வந்து நின்றார். குட்டப்பன் எழுந்து நின்றான். ஏமானே என்று கூப்பிட்ட வாய்தான். மண்ணுக்குப் பட்டயம் கைக்கு வந்த அன்றே அந்தச் சொல்லை விட்டுவிட்டான். பதிலுக்கு வேறொரு சொல் இத்தனை வருஷத்தில் அவனுக்கு அகப்படவில்லை. அண்ணன் என்றால் கேலிபோல் இருக்கும். பெயரைச் சொல்ல நாக்கு எழாது. பிள்ளை கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வேலிக்கடவின் நுழைவழியில் நின்றார். அப்புறம் உள்ளே வந்தார். அப்புறம் மரத்தடி. இப்போது நாற்காலி.

கார்த்தியாயினி அவருக்குப் பால் விடாத கட்டன் சாயா போட்டு ஒரு கல்லின்மேல் வைப்பாள். அவர் தொடமாட்டார். “நம்ம வீட்டுத் தண்ணி குடிக்காத ஆளு நம்ம முற்றத்துல எதுக்கு வந்து இருக்கணும்? சொல்லு பாப்பம்” என்று குட்டப்பன் கேட்டான்.

பதில் ராஜப்பனிடம் இருந்தது. சட்டம் வந்த காலத்தில் கொடி பிடித்து, குட்டப்பனுக்காக நெய்யாற்றின்கரைக்கு நடையாய் நடந்தவன் ராஜப்பன். இப்போது ரோட்டு முக்கில் சாயாக்கடை வைத்திருக்கிறான். விஷயத்தைக் கேட்டு, சாயாவை ஒருமுறை உயர்த்தி ஆற்றிவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னான்:

“ஒனக்கு மண்ணு எப்படிக் கெடச்சுது? கெடந்ததினால கெடச்சுது. இப்பம் அவரு கெடக்காரு. மனசிலாச்சா?”

“அது குடிலுக்கில்லியா? கசேரைக்கு உண்டா?”

“சட்டம் இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. அவரு கச்சேரியில இருந்த ஆளாக்கும். கொஞ்சம் வருசம் கழிஞ்சு ‘நான் தெனம் இருந்த எடம்’னு நாலு பேரைச் சாட்சி சொல்லவச்சா நீ என்ன செய்வ? ஒனக்க மவன் வேற அங்கதான் வீடு வைக்கப் போறான்.”

குட்டப்பனுக்கு அந்தச் சாயா இறங்கவில்லை. சுந்தரதாஸ் சித்திரையில் லீவு எடுத்து வருகிறான், கான்கிரீட் வீட்டின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட. முன்வாசல் வரவேண்டிய இடம் சரியாகப் பலாமரத்தடி. மகன் வெயிலில் வெந்து அனுப்பிய காசு, அப்பன் கிடந்து சம்பாதித்த மண், இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார் கிழவர். மூடிய கண்ணுக்குள் என்ன கணக்கோ.

வீட்டுக்கு வந்ததும் குட்டப்பன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டயம் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. பிறகு ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துப்போய், நாற்காலியின் முன்கால் இருந்த இடத்தில் கவிழ்த்து அமுக்கி வைத்தான். மனுஷன் எவ்வளவு நகர்கிறார் என்று பார்த்துவிடலாம்.

கூடவே ஒரு தந்திரமும் செய்தான். பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவைத்தான். கேட்கவில்லையென்றால் தானே போய்விடுவார் என்று எண்ணம். பிள்ளை போகவில்லை. எழுந்து, நாற்காலியை இழுத்து, சிரட்டையைத் தாண்டிப் போட்டுக்கொண்டார். குட்டப்பனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் இன்னும் குறைத்தான். நாற்காலி இன்னும் முன்னால் வந்தது. குட்டப்பன் சிரட்டையைப் பிடுங்கிப் புது இடத்தில் வைத்தான். எல்லைக்கல்லைப் பிடுங்கி நடுகிறவனைப் போல் தானே ஆகிவிட்டோமே என்று தோன்றியது.

பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் உச்சிவேளையில் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளை வீட்டு வராந்தாவில் போட்டுவிட்டு வந்தான். அன்று சாயங்காலம் பிள்ளை கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்தார். பலாமரத்தில் முதுகைச் சாய்த்து நின்றார். முழங்கால் இரண்டும் நடுங்கியது திண்டிலிருந்தே தெரிந்தது.

“ஒங்களுக்கு ஈரல்ல இரக்கமே கெடையாதா?” என்று கார்த்தியாயினி வைதாள். அவளே போய் ரெத்தினதாஸிடம் சொல்லி மறுநாள் நாற்காலியைத் திரும்ப வரவழைத்தாள். சொந்த வீட்டிலேயே ஆள் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டால் என்னதான் செய்வது?

நேரடியாகக் கேட்டுவிடுவது என்று குட்டப்பன் முடிவுசெய்தான். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லை. பழைய பயம் காலுக்கடியில் கிடக்கத்தான் செய்தது. அதனால் வேலிப்பக்கம் ஓலை பொறுக்குகிறவனைப் போல் போய், நாற்காலிக்குப் பின்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்:

“தெனம் இங்க வாறது எதுக்காக்கும்? எனக்கு அதை அறியணும்.”

பிள்ளை அசையவில்லை. விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

“இது எனக்க எடமாக்கும். பட்டயம் உண்டு.”

தலை மட்டும் லேசாக ஆடியது. கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறாரே, எத்தனை நெஞ்சழுத்தம் என்று குட்டப்பனுக்குத் தோன்றியது. ஓலையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டான். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அறுபது வயதில் இனி யாரோடு கேஸ் பேச? ராஜப்பனுக்கும் மூச்சிரைப்பு. ஆபீசரும் மாறியிருப்பார். அம்மியை உள்ளே சிமெண்டுத் தரையில் எடுத்துவைத்தாயிற்று. கிடந்ததற்கு இப்போது என்ன அடையாளம் காட்டுவது?

மறுநாள் வானம் மூடிக்கொண்டிருந்தது. விளக்கு வைத்து, பாட்டும் நன்றாக ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போயிற்று. வராந்தா பல்பு செத்தது. பெட்டி ஒரு முனகலோடு நின்றது. இங்கே அது அன்றாடம் நடப்பதுதான். இனி எழுந்து போய்விடுவார் என்று குட்டப்பன் திண்டிலேயே உட்கார்ந்திருந்தான்.

பிள்ளை எழுந்திருக்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில் அவர் கை மட்டும் தெரிந்தது. தட்டி, விரலை மடக்கி, புரட்டி, மறுபடி தட்டிக்கொண்டே இருந்தது. கண் மூடியிருந்தது. தவில் சேர்ந்துகொள்ளும் இடம் வந்ததுபோல் கை ஒரு முறை உயர்ந்து வேகமாக இறங்கியது. முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. தவளைகூடக் கத்தவில்லை.

குட்டப்பன் சுவரிலிருந்து முதுகை எடுத்தான். வேலிக்கு அந்தப்பக்கம், வேலிக்கடவு, மரத்தடி, சிரட்டை. ஒவ்வொன்றாக அவன் மனதில் வந்து நின்றது. தான் சத்தத்தைக் குறைக்கக் குறைக்கக் கிழவர் முன்னால் வந்ததும், பின்னால் நின்று கேட்ட கேள்விக்குத் தலை மட்டும் ஆடியதும் வந்தது. உடனே அவனுடைய புத்தி இன்னொன்றும் சொன்னது. பாட்டே காதில் விழாதென்றால் பின்னே எதற்கு வருகிறார்? அந்தப் புத்தியை அவனால் நிறுத்த முடியவில்லை. ஆனாலும் எழுந்து இறங்கினான்.

கூப்பிடவேண்டும். எந்தச் சொல்லால் கூப்பிடுவது? கூப்பிட்டாலும் கேட்கப்போவதில்லை. பக்கத்தில் போய், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையின் தோளைத் தொட்டான். பிறந்ததிலிருந்து முதல்முறையாகத் தொட்டான். துண்டுக்கு அடியில் வெறும் எலும்பு.

பிள்ளை திடுக்கிட்டு விழித்தார். அவன் முகத்தைப் பார்த்தார், அணைந்த பல்பைப் பார்த்தார். கை பாதியில் நின்றது.

“கரண்ட் போச்சா? எப்பம்?” குரல் முற்றம் தாண்டிக் கேட்கும்படி உயர்ந்திருந்தது.

குட்டப்பன் கையைப் பின்னால் வீசி, வெகுநேரமாயிற்று என்று காட்டினான்.

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. குட்டப்பனுக்கும் அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“பூதலிங்கத்துட்ட சொல்லிராத குட்டப்பா. அறிஞ்சா கொண்டுபோயி மேல ஒரு முறிக்குள்ள அடைச்சு இருத்திப்போடுவான். இங்க இருக்கும்ப அங்கொண்ணும் இங்கொண்ணுமா செவியில விழுது. பாக்கி நான் போட்டுக்கிடுவேன்.” சிரட்டையைப் பார்த்தார். “நீ அந்தக் காலத்துல இதே பிலாமரத்து மூட்டுல வந்து நிப்ப. தேங்கா களவாங்க நிக்கான்னு நெனச்சு நான் பெட்டியை நிப்பாட்டிருக்கேன். நெறைய நாளு. பாட்டு கேக்கவா நின்ன?”

குட்டப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். சொன்னாலும் விழாத காதுக்கு எதைச் சொல்ல? ஆமென்று தலையை மட்டும் ஆட்டினான்.

அப்போது பல்பு மினுக்கிக்கொண்டு வந்தது. பெட்டி கனத்த குரலில் உறுமித் தொடங்கி, மெல்ல மெல்லத் தன் சுருதிக்கு ஏறியது. பிள்ளை பல்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். உடனே கண்ணை மூடி, கையைத் தூக்கி, தான் விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்கினார். பெட்டியில் பாட்டு ஒரு வழி போயிற்று. கை வேறு வழி போயிற்று.

குட்டப்பன் அவர் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினான். நாற்காலியை ஒரு கையால் தூக்கினான். காலில் தட்டிச் சிரட்டை உருண்டு போயிற்று. ராஜப்பன் அறிந்தால் தலையில் அடித்துக்கொள்வான். அதுவும் முற்றத்தில் இல்லை, வராந்தாவிலேயே ஏற்றி, பெட்டிக்குப் பக்கத்தில் போட்டான். கார்த்தியாயினி அடுக்களை வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

“நாளைக்கு விடிஞ்சதும் எடுத்து மாத்தணும்” என்று அவளைப் பார்க்காமல் சொன்னான். “இது இங்க கெடக்கப்படாது.”

பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து, பெட்டியை அவர் காதோடு ஒட்டித் தூக்கிப் பிடித்து, சத்தத்தை முழுக்கத் திருப்பினான். ரோட்டில் போன யாரோ நின்று பார்த்தார்கள். அந்த நாதஸ்வரத்தில் வராந்தாத் தகரமே அதிர்ந்தது.

இத்தனை நாள் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் கை, நாற்காலிக்கு ஒரு சாண் மேலே, விரல் விரித்தபடி, கேட்பதுபோல் அசையாமல் நின்றது.