மேல்தட்டில் ஒன்பதாம் இலக்கம்

கப்பல் திருகோணமலை உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டபோது காலை ஏழு மணி. பயணிகள் கோணேசர் கோவிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போக வரிசையில் நிற்க, லக்சனா மட்டும் கரையிலிருந்து வரும் படகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் அவளுடைய அண்ணன் சிந்துஜன் வந்துகொண்டிருந்தான்.

அந்த உல்லாசக் கப்பலில் அவள் வேலைக்குச் சேர்ந்து பதினாலு மாதம். கப்பலின் உச்சித் தட்டில், புகைபோக்கியைச் சுற்றி வளைந்து போகும் ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. மின்கலத்தில் ஓடும் பத்துக் கோ-கார்ட்டுகள், சின்னப் பந்தய வண்டிகள். தரையோடு ஒட்டினாற்போல் இருந்து ஓட்ட வேண்டும். பயணிகளுக்குத் தலைக்கவசம் மாட்டி, பட்டியை இறுக்கி, கொடி காட்டுவது அவளுடைய வேலை. யாராவது தாறுமாறாக ஓட்டினால் கையிலிருக்கும் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தி வண்டிகளின் வேகத்தைக் குறைக்கவும் அவளால் முடியும்.

பத்தில் ஒன்பதாம் இலக்க வண்டிக்கு மட்டும் கால்மிதிகள் இல்லை. வேகத்துக்கும் பிரேக்குக்கும் ஸ்டியரிங்கோடு சேர்ந்த இரண்டு கைப்பிடிகள். முதல்நாள் அதைப் பார்த்தபோதே அவளுக்கு அண்ணனின் நினைவுதான் வந்தது.

எட்டு வருடத்துக்கு முன், சோதனை எழுதப் போன அவளை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சிந்துஜன் குச்சவெளி வீதியில் வந்தான். குறுக்கே ஒரு மாடு பாய்ந்தது. அவன் வெட்டித் திருப்ப, எதிரே லொறி. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதன்பிறகு கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் கதிரையில் இருந்தபடி வேலை செய்கிறான். எந்த வாகனத்தையும் தொட்டதில்லை.

படகிலிருந்து கப்பலுக்கு ஏறும்போது ஒரு மாலுமி கை நீட்டினான். சிந்துஜன் அதைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பற்றிக்கொண்டு, செயற்கைக் காலை முதலில் வைத்து, தானாகவே ஏறினான்.

"மெலிஞ்சிட்டாய்" என்றான் தங்கையைப் பார்த்து.

"சாப்பாடு நல்லம் அண்ணா. ஏறி இறங்கிற படிதான் கூட."

பயணிகள் கரைக்குப் போகும் நாட்களில் ஊழியர்களும் அவர்களைப் பார்க்க வரும் வீட்டாரும் ஒரு மணித்தியாலம் கார்ட் ஓட்டலாம். அவர்கள் மேலே போனபோது பிலிப்பைன்ஸ்காரன் ரமோனும் இன்னும் நாலு பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். சிந்துஜன் வேலியில் கைவைத்து நெடுநேரம் பார்த்தான்.

"ரெண்டாவது வளைவில எல்லாரும் பிந்தித்தான் பிரேக் பிடிக்கினம்" என்றான்.

"ஒன்பதாம் நம்பர் சும்மா நிக்குது. கையாலயே ஓடலாம்."

அவன் திரும்பி அந்த வண்டியைப் பார்த்தான். முகம் மாறியது.

"இதுக்கோ என்னைக் கூப்பிட்டனீ?"

"ஓம்."

"நான் கேட்டனானோ?"

"இல்லை. அந்தச் சோதனைக்கு நான் தனிய பஸ்ஸில போயிருக்கலாம். அதை நினைக்காத நாளில்லை அண்ணா."

"மாடு பாய்ஞ்சதுக்கு நீ என்ன செய்வாய்? நான் ஒருநாளும் உன்னில பிழை சொல்லேல்லையே."

"சொல்லேல்லை. ஆனா அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லையே."

"கதைச்சா நீ அழுவாய் எண்டு விட்டனான்" என்றான் சிந்துஜன். "இப்ப கதையாமலே அழுறாய்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே குடாவில் மீன்பிடி வள்ளம் ஒன்று மூதூர்ப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அது மறைந்ததும் சிந்துஜன் ஒன்பதாம் வண்டிப் பக்கம் நடந்தான்.

"ஹெல்மெட்டைத் தா" என்றான் அவன்.

ஆறு வண்டிகள் புறப்பட்டன. முதல் சுற்றிலேயே சிந்துஜன் கடைசிக்குப் போய்விட்டான். ஒவ்வொரு வளைவிலும் வண்டியை ஏறக்குறைய நிறுத்தித்தான் திருப்பினான். மூன்றாவது சுற்றில் ரமோன் அவனை ஒரு முழுச் சுற்றால் முந்தினான். லக்சனாவின் பெருவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. மற்ற ஐந்து வண்டிகளையும் கொஞ்சம் மெதுவாக்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் விரலை எடுத்துவிட்டாள்.

நாலாவது சுற்றில் அவன் வேகமெடுத்தான். பேக்கரியில் வேலை செய்யும் பெண்ணின் வண்டியை முந்தினான். அடுத்த வளைவில் பிரேக்கை ஒரேயடியாக இழுக்க, வண்டி சுழன்று ரப்பர் தடுப்பில் போய் முட்டியது. லக்சனா சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அவன் தலைக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பை அவள் கேட்டு எவ்வளவோ காலம்.

"இந்தப் பிரேக் தொட்டவுடனே பிடிக்குது எண்டு நீ சொல்லேல்லையே!"

"நோகேல்லையோ?"

"இல்லை. திரும்ப விடு, முதலில இருந்து."

இரண்டாவது ஓட்டத்தில் அவன் நாலாவதாக வந்தான். ரமோன் கைகொடுத்து, எத்தனை வருடம் பந்தயம் ஓடினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"நாலாவதா வந்தவனைப் பகிடி பண்ண வேண்டாமெண்டு சொல்லு" என்றான் சிந்துஜன் தங்கையிடம். அப்படிச் சொன்னாலும் இன்னும் மூன்று தரம் ஓடினான். ஒரு தரமும் ரமோனை முந்தவில்லை.

மதியப் படகில் அவன் திரும்பினான். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறங்குமுன், "அந்தக் கைப்பிடியைப் படமெடுத்து அனுப்பு. வயர் எங்கால போகுது எண்டும் எடு" என்று மட்டும் சொன்னான். இந்த முறை மாலுமி நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

ஆறு வாரம் கழித்து, கப்பல் எங்கோ நடுக்கடலில் போகும்போது லக்சனாவின் தொலைபேசியில் ஒரு குரல்பதிவு வந்தது. பின்னால் ஓட்டோ ஒன்றின் இரைச்சல்.

"பழைய ஓட்டோ ஒண்டு எடுத்தனான். கிண்ணியாவில கராஜ் வச்சிருக்கிற சரீப் நானா கால் பிரேக்கைக் கழட்டிக் கைக்கு வச்சுத் தந்தவர். படத்தைப் பாத்துட்டு, இது கார்ட்டுக்குச் சரி, ஓட்டோவுக்கு ஏலாது எண்டார். பிறகு மூண்டு நாளா யோசிச்சு வேற மாதிரிச் செய்தவர். லைசன்ஸுக்கு இனித்தான் எழுதிப்போட வேணும். அதுவரைக்கும் அவற்ற கராஜ் வளவுக்குள்ளதான் ஓட்டம். அம்மா பின்னால இருக்கிறா, கேக்குதோ? மெதுவாப் போகட்டாம்."

இரைச்சலுக்குள் அம்மா ஏதோ சத்தம்போடுவது கேட்டது. பிறகு வண்டி இன்னும் வேகமாகப் போகும் சத்தம். லக்சனா அதை மூன்று தரம் போட்டுக் கேட்டாள்.