‘சக்கரப் புயல்’ தமிழ் பேசிய கதை

பழைய வெளிநாட்டுப் படங்களைத் தமிழில் பேசவைத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒளிபரப்புகிற சேனலுக்குக் கொடுப்பதுதான் அந்த ஸ்டூடியோவின் தொழில். மாடியில் இரண்டே அறைகள். ஒன்றில் மைக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். வசனம் எழுதுகிறவளுக்குப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அங்கே எல்லாருக்கும் அவள் வசனக்காரம்மா.

அந்த முறை வந்தது ‘சக்கரப் புயல்’ என்று ஒரு ஸ்கேட்போர்டு படம்; சக்கரம் வைத்த பலகையில் நின்று சறுக்குகிற விளையாட்டு. பேப்பர் போடுகிற ஓர் இளைஞன். அவன் அப்பா மலைச்சரிவில் பலகை ஓட்டி உயிரை விட்டவர். ஊர்ப் பெரிய மனிதன் ஒருவன், எப்போதும் கறுப்புக் கையுறை போட்டிருப்பவன், சரிவை மூடிக் கார் நிறுத்துமிடம் கட்டப் பார்க்கிறான். பந்தயத்தில் தன்னை ஜெயித்தால் விட்டுவிடுவதாகச் சவால் விடுகிறான். கையுறைக்காரனின் தங்கைதான் கதாநாயகி. கண்ணாடி மாட்டிக்கொண்டு தனிப் பலகையில் வரும் நாய் ஒன்றும் உண்டு.

எடுத்தவர்கள் உயிரைக் கொடுத்து எடுத்திருந்தார்கள், கையில் காசுதான் போதவில்லை. கதாநாயகன் தாவும்போது முதுகுக்குப் பின்னால் கம்பி தெரிந்தது. கதாநாயகிக்குப் பதிலாகப் பலகை ஓட்டியவருக்கு மீசை இருந்தது. வேகத்தைக் காட்ட யாரோ பக்கத்திலிருந்து மின்விசிறி போட்டிருக்க வேண்டும். முடி எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தது.

முதலாளி பார்த்துவிட்டு, இதைச் சிரிப்புப் படமாக மாற்றிவிடச் சொன்னார். “ஜனங்க எப்படியும் சிரிக்கத்தான் போறாங்க. அவங்களுக்கு முந்தி நாம சிரிச்சிடணும்மா.”

அவளுக்கும் அது சரியாகப் பட்டது. கிண்டல் அவளுக்குக் கைவந்த கலை. கம்பி தெரிகிற இடத்தில் கதாநாயகன், “கொஞ்சம் மெதுவா இழுங்கப்பா” என்றான். மீசை தெரிகிற இடத்தில் கதாநாயகி, “இன்னைக்கு ஷேவ் பண்ண மறந்துட்டேன்” என்றாள். எழுதும்போது தானே சிரித்துக்கொண்டாள்.

பேச வந்தவருக்கு இடி என்று பெயர். அறுபது தாண்டியும் குரலுக்கு வயதாகவில்லை. சின்ன ஸ்டூடியோ என்பதால் நாயகனுக்கும் வில்லனுக்கும் அவர்தான்; நாயகனுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார், வில்லனுக்கு ஒரு தோளை இறக்கிக்கொள்வார். எழுதியதை எழுதியபடி பேசினார். ஆனால் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. டீ குடிக்கும்போது, இவன் எதற்குத் தன்னையே கேலி செய்துகொள்கிறான், அப்பா செத்துப்போன இடமாயிற்றே என்று கேட்டார். முதலாளி சொன்னதைச் சொன்னாள். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவருக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. நாய் வழுக்கி விழுகிற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

வீட்டில் அப்போது வேறொரு பாடு. மாமியாருக்கு விழித்திரை கிழிந்து அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. கிழிசலை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வைத்த வாயு இடம் மாறாமலிருக்க, டாக்டர் சொல்லும்வரை குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கால் மணி நேரம் சும்மா உட்காரத் தெரியாதவர். இப்போது நடுவில் பள்ளம் வைத்த தலையணையில் முகத்தைப் பதித்துப் படுக்கை விரிப்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மருமகள் வேலையைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. யாராவது கேட்டால், “பொம்மைக்கு வாயசைக்கிற இடத்துல இருக்கா” என்பார்.

பதிவானதைச் சரிபார்க்க அவள் சாயங்காலம் வீட்டில் ஓடவிட்டாள். மாமியார் கொஞ்ச நேரம் கேட்டார்.

“இது என்ன படம்?”

“சிரிப்புப் படம், அத்தை.”

“யாரு சிரிக்கிறா? அவங்களே பேசி அவங்களே சிரிச்சுக்கறாங்க. நிறுத்து, தலை வலிக்குது.”

அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் நிறுத்தினாள். சற்று நேரம் கழித்துக் கட்டிலிலிருந்து, நிஜத்தில் அதில் என்னதான் பேசுகிறார்கள் என்று ஒரு கேள்வி வந்தது. வேறு பொழுதுபோக்கு இல்லாததால் கேட்ட கேள்விதான். அவளும் ஒலியைக் குறைத்து, படத்தைப் பார்த்துக்கொண்டே, மூலத்தில் இருந்ததை அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். மலை உச்சிக் காட்சி. கையுறைக்காரன் சரிவைக் காட்டுகிறான்.

“இந்தச் சரிவு உன் தந்தையைத் தின்றது. இன்று உன்னையும் தின்னும்.”

“ம்” என்றார் மாமியார். “அவன் என்ன சொன்னான்?”

“அதற்கு அவ்வளவு பசியென்றால், முதலில் என் சக்கரங்களை மென்று பார்க்கட்டும்.”

கட்டில் லேசாக ஆடியது. அவள் பயந்து எழுந்தாள். மாமியாரின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

“அத்தை, என்ன ஆச்சு? வலிக்குதா?”

“மென்று பார்க்கட்டுமா?” தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. “சக்கரத்தையா?”

“ஆமா.”

“சரி, சரி. அந்தப் பொண்ணு என்ன பண்ணினா?”

கதாநாயகி ஓடி வந்து, நீ திரும்பி வருவாயா என்று கேட்டாள். சக்கரம் என்றால் சுற்றி வந்துதானே ஆக வேண்டும் என்றான் அவன். மாமியார் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அவள் நினைவுபடுத்தினாள். மாமியார் அடக்கிக்கொண்டார், ஆனால் நிறுத்தவிடவில்லை. அண்ணனுக்குத் தெரியாமல் அந்தப் பெண் பலகையை எடுத்துக் கொடுத்தாளா, நாய்க்கு அடி பலமா, எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். லிப்ட் பழுது பார்க்கிற வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பிய கணவன் வாசலிலேயே நின்று, “அம்மாவா சிரிக்கிறாங்க?” என்று மெல்லக் கேட்டான்.

மறுநாளே அவள் முதலாளியிடம் போய், எழுதியதை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மூலத்தில் உள்ளபடியே நேராக எழுதுகிறேன் என்றாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சிரிப்பே இல்லாமல் சிரிப்புப் படமா என்றார். கடைசியில் ஒரு காட்சியை மட்டும் பேசிப் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். அவள் மலை உச்சியையே எடுத்துக்கொண்டாள்.

இடி வசனத்தைப் படித்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு மைக் முன்னால் நின்றார். அறையே அதிர்ந்தது. சரிவு தந்தையைத் தின்ற சேதியை அவர் தோளை இறக்கிச் சொன்னபோது அவளுக்கே முதுகு சிலிர்த்தது. சக்கரத்தை மென்று பார்க்கச் சொன்னபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவளும் சிரித்துவிட்டாள். முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

இடி அதைப் பார்த்துவிட்டார். ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் உள்ளே போனாள்.

“என்னம்மா, நல்லா இல்லையா?”

பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை.

“சிரிச்சாங்கண்ணே. நானும் சிரிச்சேன். நீங்க அவ்வளவு நிஜமா பேசினதாலதான் சிரிப்பு வந்துச்சு. எங்க அத்தையும் சிரிச்சாங்க. ஆனா நாய்க்கு என்ன ஆச்சுன்னு தெரியாம என்னைத் தூங்கவிடல.”

“அப்போ நான் கோமாளியா?”

அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. நல்ல மனிதரை நோகடித்துவிட்டோமே என்று வீட்டுக்குப் போயும் உம்மென்று இருந்தாள். மாமியார் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவருக்கு ரோஷம் இருப்பது நல்லதுதான், ரோஷம் இல்லாதவன் அந்த வசனத்தைப் பேச முடியாது என்றார்.

காலையில் ஸ்டூடியோவுக்கு அவள் வந்தபோது இடி அவளுக்கு முன்பே வந்து, மைக் உயரத்தைத் தனக்கேற்றபடி மாற்றிக்கொண்டிருந்தார். மாலையெல்லாம் யோசித்ததாகச் சொன்னார். கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டினார்.

“அவங்க சிரிக்கட்டும்மா. ஆனா நான் சிரிக்க மாட்டேன். அவன் நிஜமாத்தான் அந்த மலையில எறங்கறான்.”

முதலாளியும் சரி என்றுவிட்டார். இடி அப்படியே படம் முழுவதையும் பேசி முடித்தார். ஒலிப்பதிவாளர் கர்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டு வேலை பார்த்தார். நாய் விழுந்த இடத்தில் மட்டும் இரண்டு அறையிலும் சத்தமில்லை.

படம் ஒளிபரப்பான ஞாயிறன்று மாமியாருக்கு நிமிர்ந்து உட்கார அனுமதி கிடைத்திருந்தது. பார்வை இன்னும் கலங்கலாகத்தான் இருந்தது. நாற்காலியை டிவிக்கு வெகு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். விளம்பர இடைவேளையில் இடி போன் செய்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் தன் வீட்டில் கூடியிருக்கிறார்கள், ஒரே கூத்தாக இருக்கிறது, ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை என்றார். மலை உச்சி வசனத்தை நேரில் சொல்லச் சொல்லிப் பிடுங்குகிறார்களாம்.

“சொன்னீங்களாண்ணே?”

“எழுந்து நின்னு சொன்னேன்” என்றார். குரலில் குழைவு தெரிந்தது.

படம் முடிந்தது. சரிவு பிழைத்தது, கையுறைக்காரன் வேலியில் மோதித் திருந்தினான், தங்கையின் கையை நாயகனிடம் ஒப்படைத்தான். கணவன் சிரித்துச் சிரித்துத் தரையில் சரிந்திருந்தான். மாமியார் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன அத்தை, பிடிக்கலையா?”

“கடைசி வளைவுல உன் ஆளு குறுக்கே வந்தான். முறைப்படி பார்த்தா கையுறைக்காரன்தான் ஜெயிச்சிருக்கணும்.”

அப்படியெல்லாம் இல்லை, அவன் கோட்டுக்கு உள்ளேதான் வந்தான் என்றாள் மருமகள். மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் அந்த வளைவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். மாமியார் ஒரு கட்டத்தில் மேஜைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.