மூவரின் அடுப்பு

எங்கள் மண்ணூரில் யாரும் பட்டினி கிடந்து சாக முடியாது. சோறு போட்டே கொன்றுவிடுவார்கள். எண்பத்து நாலாம் வருஷம் அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

திருகோணமலையிலிருந்து மூன்று பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் வந்து சேர்ந்தார்கள். யோகேஸ்வரிக்குப் பதினாறு வயது. தம்பி ரஞ்சனுக்குப் பதினொன்று, குட்டி வதனிக்கு ஆறு. பின்னாலேயே வருகிறோம் என்று சொல்லிப் பெற்றவர்கள் படகில் ஏற்றிவிட்டார்களாம். கல்குவாரியில் வேலை செய்த மாமாவைத் தேடி இங்கே வந்தால், அவர் பம்பாய்க்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுப் பின்பக்கத்து அறையை அவர்களுக்குத் திறந்துவிட்டேன்.

அன்றிலிருந்து காலையில் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாவின் இட்லி, மதியம் எதிர் வீட்டுச் சந்திரம்மாளின் கருவாட்டுக் குழம்பு, சாயங்காலம் என் கைப்பலகாரம். மூன்று வாரத்தில் வதனியின் கன்னம் உப்பிவிட்டது.

அகதிகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து நரசிம்மன் என்றொருவர் விசாரிக்க வந்தார். நேராக அடுப்பைப் பார்த்தார். உள்ளே சந்திரம்மாளின் பூனை படுத்திருந்தது. அண்டை வீட்டுச் சோற்றில் வாழும் பிள்ளைகளைத் தனியே விட முடியாது, பையன் ஒரு விடுதிக்கும் பெண்கள் வேறொரு விடுதிக்கும் போக வேண்டியதுதான் என்றார். தாங்களே பொங்கித் தின்று குடித்தனம் நடத்தினால், யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால், மூவரும் சேர்ந்தே இருக்கலாமாம். அடுத்த ஞாயிறு மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வதனி அண்ணனின் சட்டையைப் பிடித்தவள் அன்று முழுக்க விடவில்லை.

எனக்கு வந்ததே கோபம். தெருவில் இறங்கினேன். "எவளாவது கிண்ணத்தத் தூக்கினு இந்தப் பக்கம் வந்தீங்க, இந்த அம்சவல்லி மனுஷியா இருக்க மாட்டா" என்றேன்.

ஒரு நாள்தான் அடங்கினார்கள். மறுநாளே பூனையைத் தேடுகிற சாக்கில் சந்திரம்மாள் முந்தானைக்குள் குழம்போடு வந்தாள். பறிமுதல் செய்து நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை வதனியின் வாடிய முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நானே நாலு வடையோடு போனேன். யோகேஸ்வரி சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டாள். நான் போட்ட சட்டம், என்ன சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தெருவில் வீடு வீடாகப் போய் வந்தது தெரிந்தது. எதற்கு என்று கோவிந்தம்மாவைக் கேட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறாளாம். எல்லா வீட்டிலும் சொல்லியிருக்கிறாள், என் வீட்டைத் தவிர. இடம் கொடுத்தவள் நான், கத்திக் கத்தித் தொண்டை கட்டியவள் நான். எனக்கு மட்டும் அழைப்பு இல்லையா?

மதியம் கேட்டுவிடுவது என்றே பின்பக்கம் போனேன். வேப்பமரத்தடியில் தெருவே வரிசையாக உட்கார்ந்திருந்தது. ரஞ்சன் இலை போட, வதனி தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது. தேங்காய்த் துருவல் போட்ட ரொட்டி, தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சிவக்கச் சிவக்க இடித்த சம்பல். வரிசையில் நரசிம்மனும் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா யோகு, ஊருக்கே சொன்ன, என்னக் கூப்புடலயே" என்றேன்.

அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கரண்டியை என் கையில் வைத்தாள். "விருந்தாளியளைத்தானே அக்கா அழைக்கிறது. நீங்களும் நாங்களும் வீட்டுக்காரர். எல்லாருக்கும் போட்டிட்டுப் பிறகு சாப்பிடுவம்."

சம்பலை அள்ளி அள்ளிப் போட்டேன். நரசிம்மன் காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிய இரண்டு முறை ரொட்டி கேட்டு வாங்கினார். கை கழுவியதும் மூவரும் சேர்ந்தே இருக்கலாம் என்று எழுதி என்னிடம் நீட்டினார். எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டேன். தெருவே கைதட்டியது.

எல்லோரும் போன பிறகு பார்த்தால் தட்டில் நாலு ரொட்டிதான் மீந்திருந்தது. வீட்டுக்காரர்கள் நாலு பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாகச் சாப்பிட்டோம்.