கூடுதல் புள்ளி

கண்காட்சியின் மூன்றாம் நாள் காலை, ஜெய்னம்பு வரைந்த ஓவியத்தில் ஒரு புள்ளி கூடுதலாக வந்து உட்கார்ந்தது. முறைப்படி டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தது.

ஓவியம் ஒன்பது அடி உயரம். எழுத்து அரபு, சொல் தமிழ். கீழக்கரையில் அவள் வீட்டுப் பெண்கள் அரபு எழுத்திலேயே தமிழ்க் கடிதம் எழுதுவார்கள். அந்த எழுத்தில் வளைவுக்கு மேலே ஒரு புள்ளி வைத்தால் ‘நீ’. இரண்டு வைத்தால் ‘தீ’. ஜெய்னம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் வைத்திருந்தாள். இப்போது இரண்டு.

பத்தரை மணிக்குள் கூடம் சூடாகிவிட்டது. வந்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். ஒரு பெரியவர் இது ஏதோ வேண்டுதல், துஆ என்று நினைத்து, பக்தியோடு செருப்பைக் கழற்றினார். தரை சுட்டதும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஜெய்னம்பு கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணிக்கு ராத்தா வருகிறாள். கூடப்பிறந்த ஒரே அக்கா, ஸித்தி ஹலீமா. ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. ஓவியம் வரைந்ததே அவளுக்காகத்தான்.

சண்டைக்குக் காரணமும் ஒரு புள்ளி. கடல் பார்த்த வீட்டை வாப்பா மூத்தவளுக்கு எழுதி வைத்த வாரம், ‘அந்த வீட்டுக்கு நீதான் அழகு’ என்று ஜெய்னம்பு கடிதம் போட்டாள். போய்ச் சேர்ந்தபோது ‘அந்த வீட்டுக்குத் தீதான் அழகு’ என்று இருந்தது. மை சிந்திவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாள். ஊர் நம்பியது. ராத்தா நம்பவில்லை.

“அந்தப் புள்ளியை இறக்கி விடுங்க,” என்றாள் ஜெய்னம்பு, கூடத்தின் மேலாளர் சிவநேசனிடம்.

“டிக்கெட் வெச்சிருக்கு மேடம். மூடுற வரைக்கும் இருக்கலாம்.”

“ஓவியம் என்னோடது.”

“புள்ளியும் உங்களோடதாம். அதுவே சொல்லுச்சு. ஃபாரம் வேணா தர்றேன்.”

படிவத்தில் ஒரே கேள்வி. சிந்தியதா, வைத்ததா? ‘சிந்தியது’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். காகிதம் ஓரத்திலிருந்து கருகி உதிர்ந்தது. இன்னொன்று வாங்கி அதையே செய்தாள். அதுவும் உதிர்ந்தது.

“பாத்து மேடம், ஸ்டாக் கம்மி,” என்றார் சிவநேசன்.

ஏணியைச் சாத்தி ஏறினாள். ஏற ஏறப் படிகள் கூடிக்கொண்டே போயின. கீழே சிவநேசன் சாப்பிடப் போனார், வந்தார், கொஞ்சம் கண்ணயர்ந்தார். அவள் புள்ளியை எட்டியபோது மணி மூன்றே முக்கால்.

“போயிடு,” என்றாள்.

“வச்சவங்க சொன்னா போறேன்.”

“யாரும் வைக்கல. நீ சிந்துன மை.”

புள்ளி கோபப்படவில்லை. “எனக்கு நாலு மூலை இருக்கு, எண்ணிப் பாருங்க. பேனா முனையை நிதானமா அழுத்தினாத்தான் மூலை வரும். சிந்துன மைக்கு ஏது மூலை?”

எண்ணினாள். நான்கு இருந்தன.

கீழே குனிந்து பார்த்தாள். ராத்தா வந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் குடை, தோளில் பை. அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஜெய்னம்பு இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

“ராத்தா, சிந்தல,” என்றாள் ஏணியிலிருந்தே. “நான்தான் வச்சேன். அந்த வீடு எனக்குக் கெடைக்கலேன்னு வயிறு எரிஞ்சுது.”

புள்ளி எழுந்து குதித்தது. ராத்தா பையைத் திறந்து பிடித்தாள். அது உள்ளே விழுந்ததும் மூடினாள்.

“அடுப்புக்கு ஆகும்,” என்றாள் சிவநேசனிடம். அவர் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். பையிலிருந்து மெல்லப் புகை வந்துகொண்டிருந்தது.

கூடம் குளிர்ந்தது. ஏணிக்கு இப்போது ஐந்து படிகள்தான். ஜெய்னம்பு இறங்கி வந்து ராத்தாவின் பக்கத்தில் நின்றாள்.

ராத்தா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓவியத்தை வலமிருந்து இடமாகப் பொறுமையாகப் படித்தாள்.

“நீ,” என்றாள்.

“நான்தான் ராத்தா,” என்றாள் ஜெய்னம்பு.