மூன்றாவது ஆள்

குடும்பத்தில் இறப்பு என்றால் நான்கை அழுத்தவும் என்றது போன். அவள் நான்கை அழுத்தினாள். காலையிலிருந்து எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது. உடனே பாட்டுப் போட்டார்கள். கூடத்தின் நடுவில் கணவர் பெட்டிக்குள் கிடக்க, தலைமாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, விமானக் கம்பெனியின் விளம்பரப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே குடும்பமாய்ப் பறப்போம் வா என்று எவளோ ஒருத்தி குழைந்து குழைந்து பாடினாள். யார் குடும்பம், என்ன குடும்பம். கேட்கக் கேட்க வயிற்றெரிச்சலாக இருந்தது.

"வைம்மா அதை. அவங்க எடுக்க மாட்டாங்க" என்றாள் மகள்.

"எடுக்காம எங்க போயிடுவாங்க."

பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

அவள் கேட்டது ஒன்றும் கிடைக்காத பொருளில்லை. அவருடைய ஷிப்டு ஆட்களை ஒரு மணி நேரம் விட வேண்டும். வந்து தூக்கிவிட்டுத் திரும்பிப் போகட்டும். முப்பது வருஷமாக அவரோடு வெயிலிலும் மழையிலும் நின்றவர்கள் தூக்காமல் வேறு யார் தூக்குவது? "என்னைத் தூக்க நம்ம பசங்க வருவாங்க, நீ கவலைப்படாத" என்று அவரே விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன காலத்தில் அது நடந்திருக்கும். அப்போது கம்பெனியில் விமானங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யார் வீட்டிலாவது சாவு என்றால் மொத்த ஷிப்டும் கிளம்பிப் போகும். பழைய முதலாளியே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெட்டி ஏற்றுவார். இப்போது எத்தனை விமானம் என்று அங்கே வேலை செய்பவர்களுக்கே தெரியாது. முதலாளி விற்றுவிட்டுப் போய்விட்டார். வந்தவர்கள் சுவரெல்லாம் "நாம் ஒரு குடும்பம்" என்று எழுதிவைத்தார்கள். எழுதிவைத்த நாளிலிருந்துதான் சனியன் பிடித்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சங்கத்தின் துணைச் செயலாளர் வந்திருந்தார். மைக் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இஞ்சின் சத்தத்துக்கு நடுவிலேயே பேசிப் பழகியதில் அந்த ஆட்கள் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. அதிலும் இவர் தனி ரகம். செத்துப்போனவரும் அப்படித்தான், உப்பு வேண்டும் என்று சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்ப்பாள். நேற்றிலிருந்து இந்த வீட்டில் இருக்கிற அமைதி அவளுக்குத் தாங்கவில்லை.

"அண்ணி" என்று மைக் தன்னால் முடிந்த அளவு தணிந்து சொன்னது தெருவரை கேட்டது. "விட மாட்டேங்கறாங்க. ஸ்டிரைக் பயத்துல எல்லா லீவையும் கேன்சல் பண்ணிட்டாங்க. இன்னிக்கு யார் வேலையை விட்டு வெளிய வந்தாலும் சட்டவிரோத வேலைநிறுத்தம்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. வந்தா சீட்டு கிழிஞ்சுடும்."

"நீங்க மட்டும் எப்படி வந்தீங்க?"

"பேச்சுவார்த்தைக்குன்னு என்னை விட்டிருக்காங்க. மத்தியானம் மறுபடி உட்காரணுமாம்."

"அவர் இல்லாமலேயா?"

மைக் சுவரைப் பார்த்தார்.

பேச்சு பல மாதமாக ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது ஆள். விமானம் தானாகப் பின்னால் நகராது. டிராக்டர் வைத்துத்தான் தள்ள வேண்டும். டிராக்டரை ஒருவர் ஓட்டுவார். ஒருவர் முன்சக்கரத்தை ஒட்டி நடந்தபடி விமானியோடு பேசுவார். மூன்றாமவர் வால் பக்கம் நடந்து பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். அந்த மூன்றாமவர் வேண்டாம், கேமரா போதும் என்றது கம்பெனி. கூடாது என்றார் சங்கத் தலைவரான அவள் கணவர். முன்சக்கரத்துப் பக்கம் நடப்பவனுக்கு முதுகில் கண் கிடையாது. ஒரு மழை நாளில் மைக் கால் வழுக்கிச் சக்கரத்துக்கு முன்னால் விழுந்தபோது, வால் பக்கத்திலிருந்து பார்த்துக் கத்தி நிறுத்தியது மூன்றாவது ஆள்தான். அன்றைக்கு அந்த மூன்றாவது ஆள் அவள் கணவர்.

"நேத்து நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

"அண்ணி, எத்தனை தடவை..."

"சொல்லுங்க."

மைக் பெருமூச்சு விட்டுச் சொன்னார். செத்தவருக்குப் பேச்சுவார்த்தையில் ஒரு வித்தை உண்டு. எதிராளி சொல்வது பிடிக்காவிட்டால் வாதாட மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். எதிரே இருப்பவர்கள் கொஞ்ச நேரம் பொறுப்பார்கள், பிறகு நெளிவார்கள், கடைசியில் அவர்களே ஒரு படி இறங்கி வருவார்கள். வீட்டிலும் அதே வித்தைதான். புது பிரிட்ஜ் என்று இவள் வாயைத் திறந்தால் அங்கே கண் மூடிக்கொள்ளும். நேற்றும் கண்ணை மூடினார். சங்கத்துக்காரர்கள், தலைவர் ஆரம்பித்துவிட்டார் என்று தங்களுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனிக்காரர்களும் பேசாமல் இருந்து பார்த்தார்கள். அறையில் ஏசி சத்தம் மட்டும். கடைசியில் கம்பெனியின் பெண் அதிகாரி தாங்கமாட்டாமல், "சரி, மூணாவது ஆள் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். மைக் சந்தோஷத்தில் அவர் தோளைத் தட்டினார். தோள் சாய்ந்தது.

"அவ்வளவு நேரம் ஒருத்தர் கூடத் தொட்டுப் பாக்கலையே" என்றாள் அவள். "ஒருத்தர் கூட."

"அவர் எப்பவும் அப்படித்தானே அண்ணி இருப்பாரு" என்றார் மைக். அவர் குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது.

அந்தப் பெண் அதிகாரி கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டாள். மக்கள் பண்பாட்டுத் தலைவி என்று பதவி, பழைய பர்சனல் ஆபீசர் வேலைதான். முன்பெல்லாம் அந்த வேலைக்கு இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு கிழவர் இருந்தார், யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் திட்டிக்கொண்டே செய்து கொடுப்பார். இந்த அதிகாரி சிரித்த முகமாய்ப் பேசி எதையும் கொடுக்க மாட்டாள் என்பது ஊழியர்கள் கட்டிவிட்ட பேச்சு. கம்பெனிப் பெயர் போட்ட மலர்வளையம் வைத்தாள். கூட வந்த போட்டோக்காரன் கேமராவைத் தூக்கியதும் மகள் போய் அவன் முன்னால் நின்றுகொண்டாள். அவன் வெளியே போனான்.

"உங்க இழப்பு எங்க எல்லாருடைய இழப்பும்தான்மா" என்று ஆரம்பித்தாள் அதிகாரி.

"ஷிப்டை ஒரு மணி நேரம் விடுங்க" என்றாள் இவள்.

அதிகாரி மைக்கைப் பார்த்தாள். மைக் தரையைப் பார்த்தார். இருவரும் ஏற்கெனவே பேசிவிட்டார்கள் என்பது இவளுக்கு அப்போதே புரிந்தது.

"விடலாம்மா. மேலிடத்துல பேசிட்டேன். இன்னிக்கே ஒப்பந்தத்துல கையெழுத்தாயிட்டா, நல்லெண்ணமா மொத்த ஷிப்டையும் அனுப்பறோம்னு சொல்றாங்க. நாங்களே பஸ் வெச்சுத் தர்றோம்."

"எந்த ஒப்பந்தம்?"

"ரெண்டு ஆள் ஒப்பந்தம்."

அவள் அண்ணன் குனிந்து காதோரம் சொன்னான், "யோசிக்காத. நாளைக்கு வேற யாராவது அதைப் போடத்தான் போறாங்க. இன்னிக்கு மனுஷனை மரியாதையா அனுப்பு."

"பசங்க துடிக்கறாங்க அண்ணி" என்றார் மைக். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கமிட்டி போட்டுடும். நீங்க சொல்லாம நான் தொட மாட்டேன்."

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். அந்த முகம் இப்போதும் பேரம் பேசுகிற முகமாகவே இருந்தது. அவர்கள் வர வேண்டும், அவர்கள் கையில்தான் இவர் போக வேண்டும் என்ற ஆசை அவளை விடவில்லை. அதோடு அவர் மேலேயே கோபம் வந்தது. இதையும் என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் படுத்துக்கொண்டாயே என்று.

"நேத்து நீங்க சரின்னு சொன்னீங்களாமே" என்றாள் அதிகாரியிடம்.

"அது ஒரு பேச்சு வேகத்துல வந்ததுமா. அதிகாரபூர்வமா எடுத்துக்க முடியாது. அந்த நேரத்துல அவர்..."

"ஏன், கேக்க ஆள் இல்லையா? மைக்கு கேட்டாரு, மத்தவங்க கேட்டாங்க. உங்க பக்கத்து ஆளுங்களும்தான் கேட்டாங்க."

அதிகாரி கைப்பையின் பட்டையைத் திருகினாள். வயதில் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருப்பாள்.

"இவரைத் தூக்க நாலு பேர் வேணும்னு நான் அந்த ஒரு ஆளை விக்கணுமா?" என்றாள் இவள். "மைக்கு, உங்களையே கேக்கறேன். நீங்க விழுந்தப்ப கேமராவா கத்துச்சு?"

மைக் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அவள் நாற்காலியில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடினாள். திட்டம் போட்டுச் செய்ததில்லை. பேசிப் பேசி அலுத்துவிட்டது, அவ்வளவுதான். யாரோ இருமினார்கள். மடியில் போன் இன்னும் சன்னமாகப் பாடிக்கொண்டிருந்தது. மகள் பயந்துபோய் ஓடிவந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இவள் கண்ணைத் திறக்காமலே அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நான் சொன்னேன்" என்றாள் அதிகாரி கடைசியில். "ஆமாம்மா, சொன்னேன். ஆனா என்னால எதுவும் செய்ய முடியாது. மேல கேட்டுப் பாக்கறேன்."

வெளியே போய்ப் போனில் பேசினாள். ஜன்னல் வழியாக அவள் கை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. பிறகு கை ஆட்டுவது நின்றது. உள்ளே வரவில்லை. கார் கிளம்பும் சத்தம்தான் கேட்டது. மத்தியானம்வரை பார்த்தார்கள், ஒரு தகவலும் இல்லை. மேலே கேட்கிறேன் என்று போனவர்கள் எவர்தான் திரும்பி வந்திருக்கிறார்கள்.

"இனிமே தாங்காது. தூக்கிடலாம்" என்றான் அண்ணன்.

அண்ணன், மைக், எதிர்வீட்டு பஸ் டிரைவர், மாடி வீட்டு வாத்தியார் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பழக்கமில்லாத கைகள். ஆளுக்கொரு உயரம் வேறு. எல்லோரும் முன்னால் பார்த்தே நடந்ததில் பெட்டியின் பின்பக்கம் நிலைப்படியில் மோதியது. மைக் "நில்லுங்க" என்று தெருவே அதிரக் கத்தினார். தன் இடத்தில் தையல்கடைக்காரரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "இடது பக்கம் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். அப்படியே வாங்க. வரலாம், வரலாம்." பெட்டி இடிக்காமல் வெளியே வந்தது.

வண்டியில் அவள் டிரைவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். மயானத்துக்கு விமான நிலைய வேலியை ஒட்டித்தான் போக வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு விமானத்தை அப்போதுதான் தள்ளி முடித்திருந்தார்கள். டிராக்டர் விலகியது. தள்ளும்போது முன்சக்கரம் தானாகத் திரும்பாமல் இருக்கச் செருகியிருந்த இரும்புப் பின்னைக் கழற்றிக்கொண்டு ஒருவர் ஓரமாய் நடந்துவந்து, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அதில் கட்டிய சிவப்பு ரிப்பன் காற்றில் ஆடியது. இவள் கணவர் தினமும் செய்த வேலை அது. பின்னை எடுத்துவிட்டோம், உனக்குத் தடையில்லை, நீ போகலாம் என்று விமானிக்குக் காட்டுவது. விமானி பதிலுக்குக் கையைத் தூக்கும்வரை அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது.

அந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். காலையில் இவள் பஸ் ஏறினால் வாசலில் நின்று துண்டைத் தூக்கிக் காட்டுவார். இவள் ஜன்னலில் கையைத் தூக்கினால்தான் உள்ளே போவார். ஊரே பார்க்கிறது, போங்கள் என்று இவள் பல்லைக் கடிப்பாள். சண்டை போட்ட நாட்களில் வேண்டுமென்றே கையைத் தூக்க மாட்டாள். பஸ் முனை திரும்பும்வரை அவர் அப்படியே நின்றிருப்பார்.

விமானியின் கை மேலே போனது. விமானம் நகர்ந்தது. பின்னைப் பிடித்தவர் திரும்பிப் போகவில்லை. வேலிப் பக்கம் திரும்பி, மறுபடி அதைத் தூக்கிப் பிடித்தார். டிராக்டர்காரர் இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றார். தள்ளி, வால் இருந்த இடத்தில், மூன்றாவது ஆள் இரண்டு கையையும் உயர்த்தி நின்றார்.

"நிறுத்துங்க" என்றாள்.

வண்டி நின்றது. பின்னால் அண்ணனின் கார் ஹாரன் அடித்தது. தூரத்தில் மஞ்சள் விளக்குச் சுழல ஒரு ஜீப் அந்த மூவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவள் கை மடியிலேயே இருந்தது. வரவில்லையே, ஒருத்தர் கூட வரவில்லையே, நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும் என்று நினைத்தாள். ஜீப் வந்து நின்றது. ஒருவன் இறங்கிக் கையை நீட்டி ஏதோ கத்தினான். ரிப்பன் கீழே இறங்கவில்லை.

"போகலாமாம்மா?" என்றார் டிரைவர்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். கையை வெளியே நீட்டித் தூக்கினாள்.

பின்னைப் பிடித்தவர் கையைத் தாழ்த்தி, ரிப்பனைப் பின்னோடு சேர்த்துச் சுற்ற ஆரம்பித்தார்.